பேயை விரட்டுமுன்

உடுக்கை முழங்குகிறது. தலைவிரி கோலமாக ஒரு பெண் ஆடுகிறாள். "யார் நீ?" என்று பூசாரி அதட்டுகிறார். அவள் வாயிலிருந்து வேறொரு குரல் பதில் சொல்கிறது. கூடி நிற்பவர்களுக்கு மெய் சிலிர்க்கிறது.

இது பேயா, வேஷமா? பக்தர் ஒன்றைச் சொல்வார். பகுத்தறிவாளர் மற்றொன்றைச் சொல்வார். இரண்டும் அவசரத் தீர்ப்புகளே. தன்னை மறந்து வேறொருவராகப் பேசும் நிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடமுண்டு. ஆனால் கோயில் கொடையில் சாமி வந்து ஆடுவதைப் போல, ஊரார் ஏற்றுக்கொண்ட சடங்கின் பகுதியாக வரும் அருளை அது நோயென்று சொல்வதில்லை. வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகள், பேயின் வாயால் ஊரறியப் பேசிவிடுவதும் உண்டு. அவளுக்குத் தேவை வேப்பிலை அடியன்று. அவள் குறையைக் கேட்கும் காது.

கோயிலுக்குப் போவதால் பயனே இல்லையா? தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயிலொன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். மருந்தின்றியே நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. அன்புக்கு அவ்வளவு சக்தி உண்டு! எஞ்சிய கடுமைக்கு மருத்துவம் வேண்டாமா?

மறுபக்கத்தையும் மறக்கலாகாது. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். குணமாகும் என்று நம்பி உற்றார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அவர்களைக் கொன்றது பக்தியன்று, சங்கிலி. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

வலிப்பைப் பேயென்று எண்ணி ஆண்டுகளைப் பாழாக்கும் குடும்பங்களும் உண்டு. தக்க மருந்து கிடைத்தால், வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும்.

ஆகவே, சாமி கும்பிடாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. விபூதி பூசுங்கள், தர்காவில் துஆ செய்யுங்கள், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அதோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அடிக்கச் சொல்பவரையும் கட்டிப்போடச் சொல்பவரையும் மட்டும் நம்பாதீர்கள். பேய் உண்டா இல்லையா என்ற வாதம் இன்னும் நூறாண்டு நடக்கட்டும். துன்பப்படுபவர் நம் வீட்டு மனிதர் என்பதில் வாதம் ஏது?