‘புரோபயாட்டிக்’ என்பது ஒரு மருந்தின் பெயரன்று

மருத்துவர் ஒருவர் தம் சீட்டில் ‘ஆன்டிபயாட்டிக், நாளுக்கு இருமுறை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்த மருந்துக்கடையிலும் அது செல்லாது. எந்த ஆன்டிபயாட்டிக், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று கடைக்காரரே கேட்பார். ஆனால் ‘குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாட்டிக் நல்லது’ என்ற வாக்கியம் கருத்தரங்க மேடைகளிலும் அறிவியல் கட்டுரைகளிலும் முகநூல் பதிவுகளிலும் தடையின்றி உலவுகிறது. எந்த நுண்ணுயிரி, எவ்வளவு, எத்தனை வாரத்தில் பிறந்த குழந்தைக்கு என்று எவரும் கேட்பதில்லை. கேள்வி எழாததற்குக் காரணம் மருத்துவத்தில் இல்லை. அந்தச் சொல்லில் இருக்கிறது.

2001-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் கூடிய உலக உணவு வேளாண் அமைப்பு, உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் வல்லுநர் குழு, புரோபயாட்டிக் என்பதற்கு மூன்று நிபந்தனைகளை வைத்தது: நுண்ணுயிரி உயிருடன் இருக்க வேண்டும், போதிய அளவில் தரப்பட வேண்டும், பெறுபவரின் உடலுக்கு நன்மை தர வேண்டும். அதாவது நன்மை மெய்ப்பிக்கப்பட்ட பிறகே பெயர் பொருந்தும். வழக்கிலோ இது தலைகீழாகிவிட்டது. முதலில் பெயர் சூட்டப்படுகிறது. பெயர் இருப்பதால் நன்மை இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. தமிழில் ‘நல்ல பாக்டீரியா’ என்று எழுதும்போது பிழை இன்னும் ஆழமாகிறது. ‘நல்ல’ என்ற அடை அந்த உயிரியின் பிறவிக் குணம்போல ஒட்டிக்கொள்கிறது. நன்மை என்பதோ எந்தத் திரிபு, எந்தக் குடல், எந்த நேரம் என்பவற்றின் சேர்க்கையில் விளைவது.

இந்தச் சொற்குழப்பத்தின் விலையைச் செலுத்துபவர்கள் பேசத் தெரியாதவர்கள். 2020-இல் இந்தியாவில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உலகில் வேறெந்த நாட்டிலும் அந்த ஆண்டில் இத்தனை குறைமாதப் பிறப்புகள் இல்லை. அவர்களுள் மிக முன்னதாகப் பிறப்பவர்களின் குடற்சுவர் முதிராதது, நோயெதிர்ப்பாற்றல் அரைகுறையானது. தாயின் உடலிலிருந்து வர வேண்டிய நுண்ணுயிரிகளுக்கு முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவின் நுண்ணுயிரிகள் அங்குக் குடியேறிவிடுகின்றன. குடற்சுவரே அழுகிப்போகும் நெக்ரோடைசிங் என்டரோகோலைட்டிஸ் என்னும் நோய் இத்தகைய குழந்தைகளையே பெரும்பாலும் தாக்குகிறது.

இவர்களுக்காக வாதிடுவோர் முதலில் கையிலெடுப்பது ஒடிசா ஆய்வை. 2017-இல் ‘நேச்சர்’ இதழில் பினாகி பாணிகிரஹி குழுவினர் வெளியிட்ட அந்த ஆய்வு பெருமைக்குரியது. ஒடிசாவின் கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளுக்கு ஏழு நாள் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரத்தின் ஒரு குறிப்பிட்ட திரிபும் அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரைச் சேர்மமும், அல்லது வெற்று மருந்து தரப்பட்டது. இரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தவர்களின் விகிதம் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர்வதற்கு ஒரு குழந்தை குறைந்தது 2,000 கிராம் எடையும் 35 வாரக் கருவளர்ச்சியும் பெற்றிருக்க வேண்டும். 28 வாரத்தில் 900 கிராமோடு பிறந்து, குழாய் வழியே பாலருந்தும் குழந்தை அந்த ஆய்வின் வாசலைக்கூடத் தொடவில்லை. அதன் முடிவை எடுத்து இந்தக் குழந்தைக்குச் சான்றாகக் காட்டுவோர், ‘புரோபயாட்டிக்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பாலமாக்கி அதன்மேல் நடக்கிறார்கள். அந்தப் பாலத்துக்கு அடியில் தூண் எதுவும் இல்லை.

மிகக் குறைமாதக் குழந்தைகளிடமே நடந்த ஆய்வுகளும் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 1,099 குழந்தைகளிடம் மூன்று பாக்டீரியாக்களின் கலவை சோதிக்கப்பட்டு 2013-இல் முடிவு வெளியானது. குடலழுகல் நோய் 4.4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைந்தது. 2016-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான இங்கிலாந்து ஆய்வு, 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு பிஃபிடோபாக்டீரியம் பிரீவ் இனத்தின் ஒரு திரிபைத் தந்து எந்தப் பயனையும் காணவில்லை. அங்கு வெற்று மருந்து பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் குடலிலும் அந்தப் பாக்டீரியா பரவியிருந்தது. ஒரு தொட்டிலுக்குக் கொடுப்பது பக்கத்துத் தொட்டிலுக்கும் போய்ச் சேரக்கூடும் என்பது இதன் பொருள். 56 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, குடலழுகல் நோய் குறையக்கூடும் என்று சொல்லி, அந்தச் சான்றின் உறுதி குறைவு என்றும் பதிந்தது. மிக மிகச் சிறிய குழந்தைகளிடம் அந்தப் பயன் தென்படவில்லை என்றும் குறிப்பிட்டது.

எதிர்முகாமும் இதே குழியில்தான் விழுகிறது. 2014-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தை, பூஞ்சைக் கலப்புற்ற புரோபயாட்டிக் தூளால் இறந்தது. 2023-இல் 1,000 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள மற்றொரு குழந்தை இரத்தத் தொற்றால் இறந்தது; அந்தத் தொற்றுக்குக் காரணமான பாக்டீரியா, தரப்பட்ட புரோபயாட்டிக்கில் இருந்ததுடன் மரபணு அளவில் ஒத்துப்போனது. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. உடனே ‘புரோபயாட்டிக் ஆபத்து’ என்ற வாக்கியம் புறப்பட்டது. முதல் மரணத்தின் காரணம் தயாரிப்புத் தூய்மைக் குறைவு; இரண்டாவதன் காரணம் உயிருள்ள நுண்ணுயிரியே குடலைத் தாண்டிச் சென்றது. இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. ஒன்றுக்குத் தொழிற்சாலைக் கட்டுப்பாடு வேண்டும்; மற்றொன்றுக்குக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கும் விவேகம் வேண்டும். ஒரே சொல்லால் இரண்டையும் மூடுபவர்கள் இரண்டுக்கும் விடை தேடுவதில்லை.

வழிகாட்டும் அமைப்புகள் தம்முள் மாறுபடுகின்றன. ஆனால் சொல்லில் தளர்வதில்லை. ஐரோப்பியக் குழந்தைக் குடலியல் சங்கம் 2020-இல் குறிப்பிட்ட சில திரிபுகளுக்கு மட்டும் நிபந்தனையோடு இசைந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2021-இல் எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் வழக்கமாகத் தருவதை ஆதரிக்க மறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல், 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பாலோ கொடைப்பாலோ அருந்தும் குழந்தைகளுக்குப் பரிசீலிக்கலாம் என்றது. ‘மனிதப் பால் அருந்தும்’ என்ற தொடரைப் பலர் தாண்டிப் படித்துவிடுகிறார்கள். பிஃபிடோபாக்டீரியா இனங்கள் சிலவற்றுக்கு உணவாகும் சர்க்கரைச் சேர்மங்கள் தாய்ப்பாலில் இருக்கின்றன. பாலை உறுதிசெய்யாமல் பாக்டீரியாவை ஊற்றுவது, நீர்வரத்து இல்லாத வயலில் விதை தூவுவதற்கு ஒப்பாகும்.

இந்தியாவில் முதலில் பேசப்பட வேண்டியது இதுவே. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தாயின் மார்போடு குழந்தையைச் சேர்த்தணைக்கும் கங்காரு பராமரிப்பைப் பிறந்தவுடனே தொடங்குவது, 28 நாள் மரணத்தை 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைத்ததை 2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. டெல்லியும் அதன் களங்களுள் ஒன்று. அதே டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, பச்சிளம் குழந்தைகளின் இரத்தத் தொற்றில் பல மருந்துகளுக்கு அடங்காத அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா கிருமிகள் முன்னிற்பதைக் காட்டியது. கை கழுவுவதற்கும் பால் கறந்து சேமிப்பதற்கும் ஆள் போதாத பிரிவில், ஒரு புட்டிச் சொட்டுமருந்து அந்தக் குறையை மறைக்கும் திரையாகிவிடும்.

இத்தனை நுணுக்கம் பொதுமக்களுக்குப் புரியாது, எளிமையாகச் சொல்லத்தான் வேண்டும் என்று ஒரு வாதம் எழும். அது மக்களைக் குறைத்து மதிப்பிடும் வாதம். ‘நெல்’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எந்த உழவரும் விதைப்பதில்லை. எந்த ரகம், எந்தப் பட்டம், எந்த மண் என்று கேட்ட பிறகே விதைக்கிறார். அவர் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் அந்தக் கேள்விகள் புரியாமல் போய்விடுமா?

சொல்லுக்குக் கடிவாளம் இடுவது இந்தியாவுக்குப் புதிதும் அன்று. 1992-ஆம் ஆண்டுக் குழந்தைப்பால் மாற்றுப்பொருள் சட்டம், பால்மாவு டப்பாக்களில் தாய்ப்பாலுக்கு நிகரென்று தோன்றச் செய்யும் ‘ஹியூமனைஸ்டு’, ‘மெட்டர்னலைஸ்டு’ போன்ற சொற்களையே தடைசெய்தது. ஒரு சொல் ஒரு தாயின் முடிவை மாற்றிவிடும் என்பதை அந்தச் சட்டம் உணர்ந்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் புரோபயாட்டிக் உணவுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், பேரினம், இனம், திரிபு மூன்றையும் பொட்டலத்தில் குறிக்கச் சொல்கிறது. தயிர்க் கோப்பைக்குக் கேட்கும் அந்த மூன்று சொற்களை, 900 கிராம் குழந்தையைப் பற்றிய வாக்கியத்திலும் கேட்பது மிகையாகாது.

ஆய்வேடு எழுதுவோரும் வகுப்பெடுப்போரும் மேடையேறுவோரும் இனி ‘புரோபயாட்டிக் பயன் தரும்’ என்று எழுதும் முன், திரிபின் பெயர், அளவு, குழந்தையின் வாரம், எடை, அது அருந்தும் பால் ஆகிய ஐந்தையும் அந்த வாக்கியத்தில் சேர்த்துப் பார்க்கட்டும். சேர்த்த பிறகும் வாக்கியம் நிற்குமானால் அது அறிவியல். நிற்காவிட்டால் அதை அழித்துவிடுவதே அந்தக் குழந்தைக்குச் செய்யும் நன்மை.