இடைவெளி விசை அடிக்கோல் அல்ல

மாணவர்கள் கணினியில் தட்டச்சு செய்து அனுப்பும் ஆய்வறிக்கைகளில் ஒரு குறையை அடிக்கடி காண்கிறேன். ‘வெப்பநிலை’ என்ற தலைப்பின் கீழ் இருக்க வேண்டிய எண், பக்கத்திலுள்ள ‘நேரம்’ என்ற தலைப்பை நோக்கி நகர்ந்து நிற்கிறது. ஒரு வாசிப்பு விடுபட்டிருந்தால் இன்னும் மோசம். எந்த எண் எதற்கு உரியது என்பதே புரியாது. சரியாக அளந்த மாணவர், தவறாக அளந்தவர்போலத் தெரிகிறார்.

இதற்குக் காரணம் இடைவெளி விசை. எழுத்து வேண்டிய இடத்திற்கு வரும்வரை அதைத் தட்டிக்கொண்டே இருப்பது பலருடைய பழக்கம். பழைய ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தில் இது பலன் தந்தது. அதில் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே அகலம். தட்டிய எண்ணிக்கையே தூரத்தைச் சொல்லிவிடும். இன்றைய சொற்செயலியில் அப்படியில்லை. பெரும்பாலான எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அகலம் உண்டு. தமிழில் ‘ர’வும் ‘ண’வும் ஒரே இடத்தையா அடைக்கின்றன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அங்குலம் 72 பாயிண்ட். டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் 12 பாயிண்ட் அளவில் ஓர் இடைவெளி 3 பாயிண்ட், அதாவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். 40 முறை தட்டினால் சுமார் 42 மில்லிமீட்டர். அதே 40 இடைவெளிகள் ஏரியல் எழுத்துருவில் சுமார் 47 மில்லிமீட்டர். எழுத்துருவை மாற்றியதும் எழுத்து 5 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது! ஆய்வுக்கூடத்தில் இப்படி நீண்டு சுருங்கும் ரப்பர் அடிக்கோலை யாராவது பயன்படுத்துவார்களா?

சொற்செயலியில் உண்மையான அடிக்கோல் ஒன்று இருக்கிறது. பக்கத்தின் மேலே தெரியும் அளவுகோல்தான் அது. அதில் 6 சென்டிமீட்டரில் சொடுக்கினால் அங்கே ஒரு நிறுத்தம் உருவாகும். டேப் விசையை ஒருமுறை அழுத்தினால் எழுத்து நேராக அங்கே போய் நிற்கும். எழுத்துரு மாறினாலும் அந்த 6 சென்டிமீட்டர் மாறாது. தசம நிறுத்தம் என்ற வகையும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் 9.5, 10.25, 100.0 ஆகிய எண்களின் புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் அமையும். பத்தி பல கொண்ட தரவுகளுக்கு அட்டவணை வசதியே சிறந்தது. புதிய பக்கத்திற்குப் போக எண்டர் விசையை இருபது முறை தட்ட வேண்டாம். கண்ட்ரோல் விசையுடன் எண்டரை ஒருமுறை அழுத்தினால் போதும்.

“அச்சிட்ட தாளில் சரியாகத்தானே இருக்கிறது, சார்?” என்று சிலர் கேட்கலாம். உங்கள் கணினியில் சரியாக இருக்கும். குழு நண்பரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று அதன் இடத்தில் வந்து அமரும். உடனே வரிசை கலையும். ஒருவர் செய்த சோதனையை இன்னொருவர் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும் என்று அறிவியலில் எதிர்பார்க்கிறோம். அறிக்கையிடமும் அதையே எதிர்பார்ப்பது நியாயம்தானே?

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணினியில் அறிக்கை எழுதச் சொல்கிறோம். அதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பதில்லை. முதல் அறிக்கைக்கு முன் ஒரு பாட வேளையை இதற்கு ஒதுக்கலாம். தெரியாத ஒன்றுக்காக மாணவரைக் குறை சொல்வதைவிட அது மேல்.

மாணவர்களே, இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பழைய அறிக்கை ஒன்றின் நகலைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை மட்டும் மாற்றுங்கள். இடம் மாறாமல் நிற்பவை நீங்கள் அளந்து வைத்தவை. வரிசை கலைந்து நகர்பவை கண்ணால் மதிப்பிட்டு வைத்தவை.