ஆய்வையும் ஆட்களையும் சேர்த்து வளர்த்தவர்

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1949-இல் முனைவர் பட்டம் பெற்று, மறு ஆண்டே தாயகமான சீனாவுக்குத் திரும்பிய கோட்பாட்டு வேதியியலாளர் தாங் ஆவ்சிங்குக்குப் பீகிங் பல்கலைக்கழகத்தில் இடம் இருந்தது. 1952-இல் அதை விட்டு, குளிர் கடுமையான சாங்சுன் நகருக்குப் போனார். பின்னாளில் ஜிலின் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்ற நிறுவனத்தில் வேதியியல் துறையை அடித்தளத்திலிருந்து எழுப்பும் வேலை அவருக்கும் சகாக்கள் சிலருக்கும் காத்திருந்தது.

இல்லாமையில் பாடம் நடத்துவது அவருக்குப் பழக்கப்பட்டதுதான். 1915-இல் யிஷிங்கில் பிறந்தவர். போரால் இடம்பெயர்ந்து குன்மிங்கில் இயங்கிய கூட்டுப் பல்கலைக்கழகத்தில் 1940-இல் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரும் ஆனார். கடுமையான கிட்டப்பார்வை. குறிப்பேடு இல்லாமல், நீண்ட சமன்பாடுகளை நினைவிலிருந்தே கரும்பலகையில் வருவித்துக் காட்டுவார்.

அவர் பணியின் உச்சம் 1963-இல் சாங்சுனில் தொடங்கிய ஈராண்டுக் கருத்தரங்கு. ஷான்டோங், ஷியாமென், சிச்சுவான், யுன்னான் எனப் பல பல்கலைக்கழகங்களின் இளம் ஆசிரியர்கள் வந்து தங்கினார்கள். முதலில் பாடம், பிறகு விவாதம், அதன்பின் கூட்டு ஆய்வு. கணிதத்தின் சுழற்சிக் குலத்தையும் புள்ளிக் குலத்தையும் இணைத்து, ஈனிப்புலக் கணக்குகளுக்கு ஒரே சீரான கணித முறையை அந்தக் குழு வகுத்தது. 1982-இல் அதற்குத் தேசிய இயற்கை அறிவியல் விருதின் முதல் பரிசு கிடைத்தது. அதைவிடப் பெரிய விளைச்சல் வேறு: வந்தவர்கள் தத்தம் ஊர் திரும்பிக் கோட்பாட்டு வேதியியலை அங்கங்கே வேரூன்றச் செய்தார்கள்.

1978-இல் அவர் ஜிலின் பல்கலைக்கழகத் தலைவரானார். 1986-இல் தேசிய இயற்கை அறிவியல் அறக்கட்டளை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே. ஆய்வாளர்கள் திட்டம் எழுதி விண்ணப்பிக்க, சக அறிஞர் மதிப்பாய்வின் வழியே நிதி வழங்கும் அமைப்பு அது. கருத்தரங்கில் இளையோரின் வாதங்களைக் கேட்டு எடைபோட்டவர் நாடு முழுவதன் ஆய்வுத் திட்டங்களையும் எடைபோடும் பொறுப்புக்கு வந்தது பொருத்தமே. 2008-இல் காலமானார்.

துறைத்தலைவர்களே, உங்கள் ஆண்டறிக்கைகளில் கட்டுரை எண்ணிக்கையும் நிதித்தொகையும் தவறாமல் இடம்பெறுகின்றன. அடுத்த அறிக்கையில், தாங் காட்டிய வழியில், இன்னொரு பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஆய்வகத்தில் பயின்று, வேறிடத்தில் சொந்தக் குழு அமைத்தவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். பட்டியல் குறுகியிருந்தால், வரும் கல்வியாண்டிலேயே பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களையும் அழைத்து ஒரு நீண்ட கருத்தரங்கைத் தொடங்குங்கள்.