பேனுக்கு இத்தனை பெரிய தண்டனையா?

எங்கள் தெருவில் நாலாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தியை, ‘தலையில் பேன். சுத்தம் செய்து அனுப்பவும்’ என்று டைரியில் எழுதி, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டது பள்ளிக்கூடம். இடுப்பு வரை இருந்த முடியை அன்று சாயங்காலமே ஒட்ட வெட்டிவிட்டாள் அம்மா. அவமானம்!

என்ன சுத்தம் சார்? தினம் தலைக்குக் குளித்தாலும் பேன் இருக்கும். அதற்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும். ஒரே பெஞ்சில் ஐந்து பேரை நெருக்கி உட்கார வைத்தது யாராம்?

தலைப்பேன் எந்த நோயையும் பரப்பாது. அதற்காகப் பிள்ளைகளை வீட்டுக்குத் துரத்தாதீர்கள் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்.

மண்ணெண்ணெய் தடவும் பாட்டிமார்களே, பக்கத்தில் அடுப்பு எரிகிறது, ஞாபகமிருக்கட்டும். பெர்மெத்ரின் லோஷன் போதும். ஆனால் அது ஈரைக் கொல்லாது. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால், 9-ம் நாள் மறுபடி தேய்க்கணும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நடுவில், ஈரத் தலையில் பேன் சீப்பு போட்டு வாரணும்.

டீச்சர், எழுதத்தான் வேண்டுமென்றால் வகுப்பு மொத்தத்துக்கும் எழுதுங்கள்: ‘இன்று ராத்திரி எல்லார் வீட்டிலும் பேன் பார்க்கவும்.’ உங்கள் வீட்டிலும்தான்!