ழ போன டைப்ரைட்டர்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் போன மாதம் ஒரு தமிழ் டைப்ரைட்டரைப் பார்த்தேன். பழைய ரெமிங்டன். எழுத்துக்கு மேலே கண்ணாடி வில்லையும் சுற்றி உலோக வளையமும் இருக்குமே, அந்த வகை. விசை வரிசையில் இரண்டு இடங்களில், பல் விழுந்த மாதிரி, வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்று அ. இன்னொன்று ழ.

"என்னண்ணே, ரெண்டு கீ காணோம்?"

"கீசெயின் செய்யறவங்க வெட்டிக்கிட்டுப் போயிட்டாங்க தம்பி. நீங்க என்ன, டைப் அடிக்கவா போறீங்க? டேபிள்ல வைக்கத்தானே? அந்தப் பக்கமா திருப்பி வெச்சா ஒண்ணும் தெரியாது."

ஆளைப் பார்த்தே எடைபோட்டுவிட்டார். மேசையில் வைக்கத்தான் போயிருந்தேன். எங்கள் தொழிலில் மேசை என்பது இப்போது வேலை செய்கிற இடம் மட்டுமில்லை, வீடியோ காலில் முதுகுக்குப் பின்னால் தெரிகிற மேடை. இரண்டு மானிட்டர், ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு பித்தளை மைக்கூடு, மணல் கடிகாரம், டயல் சுற்றும் கறுப்பு டெலிபோன். மை கிடையாது, இணைப்பு கிடையாது. நாள் முழுக்க எதையும் தொடாத வேலை செய்கிறவர்களுக்குத் தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டியிருக்கிறது. அந்த ஏக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். எனக்கும் இருக்கிறது. அதற்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் என் சண்டை.

என் மேசையில் ஒரு பித்தளைத் திசைகாட்டி இருக்கிறது. மூடியில் லண்டன் கம்பெனி ஒன்றின் பெயர் பொறித்திருக்கும். ஏதோ கப்பல் தலைவனின் சட்டைப் பையில் கிடந்தது என்ற நினைப்பில்தான் வாங்கினேன். பிறகு இன்னொரு கடையில் அதே திசைகாட்டிகள் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. அதே பெயர், அதே இடத்தில் அதே கீறல். உத்தராகண்டின் ரூர்க்கியில் நில அளவைக் கருவிகள் செய்யும் பட்டறைகள் நெடுங்காலமாக உண்டு. இந்தக் 'கப்பல் காலத்து' சாமான்களையும் இன்று அங்கே செய்கிறார்கள். ஏமாந்ததற்காக நண்பர்கள் ஆறு மாதம் ஓட்டினார்கள்.

இப்போது சொல்கிறேன், என் மேசையிலேயே குற்றமில்லாத பொருள் அதுதான். அதைச் செய்த பட்டறைக்காரருக்குக் கூலி கிடைத்தது. எந்தப் பழைய பொருளும் அதற்காக உடைக்கப்படவில்லை. உங்களுக்கு வேண்டியது வெறும் தோற்றம் என்றால், தயவுசெய்து போலியை வாங்குங்கள். அசலைத் தொடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கோபம்? அந்த டைப்ரைட்டருக்கே திரும்புகிறேன். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்குவது விளையாட்டில்லை. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா போன்றவர்கள் இதற்கு மெனக்கெட்டிருக்கிறார்கள். வழி, நகரா விசை. புள்ளியை அடித்தால் தாளில் புள்ளி விழும், ஆனால் உருளை நகராது. அதே இடத்தில் அடுத்து 'க' அடித்தால் 'க்' ஆகிவிடும். அதாவது முதலில் புள்ளி, பிறகு எழுத்து. யூனிகோடில் இது தலைகீழ். முதலில் 'க', அதன்பின் புள்ளி. கொம்பும் அப்படித்தான். மெஷினில் 'கெ' என்றால் கொம்பு முந்தும், யூனிகோடில் பிந்தும். பழைய எழுத்துருவில் இருந்த கோப்புகளை மாற்றும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தபோது, இந்த வரிசை பிடிபடாமல் இரண்டு நாள் முட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் பெரியம்மாவிடம் கேட்டேன்.

பெரியம்மா தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ். தேர்வன்று இன்ஸ்டிட்யூட் மெஷினை ரிக்‌ஷாவில் ஏற்றி, மடியில் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு போனாளாம். "பழகின மெஷின்லதான்டா ஸ்பீடு வரும்." அந்தச் சான்றிதழில் அரசு வேலை, அந்த வேலையில் இரண்டு தங்கைகளின் கல்யாணம். விரல்களைக் காற்றில் அடித்துக் காட்டித்தான் புள்ளி எங்கே வரும் என்று சொன்னாள். அவளுக்கு எழுத்து கண்ணில் இல்லை, விரலில் இருந்தது. இன்ஸ்டிட்யூட் வகுப்புகள் இன்னும் நடக்கின்றன, பிள்ளைகள் லோயரும் ஹையரும் எழுதுகிறார்கள். அந்த மெஷின்களுக்கு உதிரிபாகம் தேடி அலைகிறவர்களும் இதே சந்தைக்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் கீசெயின்காரன் வந்துவிடுகிறான்.

அ-வும் ழ-வும்தான் அழகாம், விலை போகுமாம். 'அம்மா' என்று அடிக்க முடியாது. 'தமிழ்' என்று அடிக்க முடியாது. அப்படி ஒரு தமிழ் டைப்ரைட்டர்.

சரி, இரும்பாவது போகட்டும். என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. என் டீமில் இருக்கும் ஒரு நண்பர் மேசைக்கு மேலே ஒரு ஓலையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஒரே ஒரு ஓலை. எழுத்தாணியால் கீறி மையேற்றிய அசல் ஏடு. கேமரா வெளிச்சத்தில் பொன்னிறமாக ஜொலிக்கும். "ஆத்தென்டிக் ப்ரோ" என்றார். ஆமாம், ஆத்தென்டிக்தான். அதுதான் பிரச்சினை.

ஓலையின் இடப்பக்க ஓரத்தில் ஏட்டெண் இருக்கிறது: ௪௰௭. நான்கு, பத்து, ஏழு. அதாவது 47. அப்படியென்றால் முன்னால் 46 ஏடுகள் இருந்திருக்கின்றன, பின்னால் எத்தனையோ. நண்பர் வாங்கியது ஒரு கலைப்பொருள் இல்லை. யாரோ ஒரு புத்தகத்திலிருந்து கிழித்த தாள்.

கட்டாக விற்றால் ஒருவர்தான் வாங்குவார், பேரமும் பேசுவார். கயிற்றை அவிழ்த்து, ஏடு ஏடாகச் சட்டம் போட்டால் ஐம்பது மேசைகளுக்கு விற்கலாம். கணக்கு அவ்வளவுதான். கத்தியைப் பிடித்திருப்பவன் வியாபாரி என்றாலும் கூலி கொடுப்பது நம் ரசனை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, இலக்கிய, அறிவியல், வரலாற்று மதிப்புள்ள சுவடிக்கு 75 வயது ஆனாலே அது தொல்பொருள். மற்றப் பொருட்களுக்கு 100. தொல்பொருள் விற்க உரிமம் வேண்டும். நாம் யாராவது கடையில் உரிமத்தைக் கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை.

"நாங்க வாங்கலைன்னா கரையான்தானே தின்னிருக்கும்? டைப்ரைட்டர் காயலான் கடைக்குத்தானே போயிருக்கும்?" இதுதான் எப்போதும் வரும் பதில். பாதி உண்மை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இருக்கும் எத்தனையோ பொருட்கள், இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து தப்பித்து வந்தவை. வாங்க ஆளில்லாவிட்டால் அவை அடுப்புக்கும் உலைக்கும்தான் போயிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பாற்றுகிறவன் முழுதாகக் காப்பாற்ற வேண்டும். அதே செட்டிநாட்டில், கோட்டையூரில், ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று அகப்பட்டதையெல்லாம் சேர்த்தார். அந்தச் சேகரிப்புதான் 1994-இல் நூலகமானது. இன்று தரமணியில் இருக்கிறது, டைடல் பார்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கம்தான். அவரும் பழைய பொருள்மீது பைத்தியமாக இருந்தவர்தான். ஒரு தாளைக்கூட அழகுக்காகக் கிழித்துச் சட்டம் போடவில்லை.

உ.வே.சா. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குப் பின்னால், எத்தனையோ பிரதிகளை ஏடு ஏடாக ஒப்பிட்ட உழைப்பு இருக்கிறது. அவர் தேடிப் போன வீடுகளில் ஏடு 12 ஒரு ஐ.டி. கம்பெனி மேசையிலும் ஏடு 13 இன்னொரு காபி ஷாப் சுவரிலும் இருந்திருந்தால்? இதைத்தான் நண்பரிடம் கேட்டேன். "ஒரே ஒரு இலைக்கு இவ்ளோ சீனா ப்ரோ?" என்று சிரித்தார். கெட்டவர் இல்லை. நம்மில் பலரைவிடத் தமிழ்மீது பிரியம் உள்ளவர், பிரியத்தால்தான் வாங்கியிருக்கிறார்.

நான் டைப்ரைட்டரை வாங்கவில்லை. திசைகாட்டி அப்படியே மேசையில் இருக்கிறது, வடக்கையும் ஏறக்குறையச் சரியாகவே காட்டுகிறது. போன வாரம் காலை மீட்டிங்கில் நண்பர் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னாலிருந்த ஓலையைப் பெரிதாக்கி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். சுவடி படிக்கத் தெரிந்த தோழி ஒருத்திக்கு அனுப்பினேன். ஓலையில் புள்ளி கிடையாது, எ-வும் ஏ-வும் ஒன்றுபோல இருக்கும், பழகாத கண்ணுக்கு எல்லாமே ஒரே கிறுக்கல். அவள் அரை மணி நேரத்தில் பதில் போட்டாள்.

"வைத்தியச் சுவடிடா. சுக்கு, திப்பிலி எல்லாம் வருது. எதுல அரைக்கணும்னு சொல்ல வர்ற இடத்துல ஏடு முடியுது. அடுத்தது அனுப்பு."