தேர்தல் அதிர்ச்சியும் வங்கிப் பங்குகளும்: முதலீட்டாளர் அஞ்ச வேண்டியது எதற்கு?

புதுதில்லி: தில்லியில் அடுத்த ஆட்சியை யார் அமைப்பார் என்ற ஐயம் எழும்போதெல்லாம், பங்குச் சந்தையில் வேகமாகச் சரிபவற்றுள் பொதுத் துறை வங்கிப் பங்குகள் முன்னிற்கின்றன. அந்த நாள்களில் சிறு முதலீட்டாளர்கள் கையிலுள்ள பங்குகளை விற்பதா, வைத்திருப்பதா எனத் தடுமாறுகின்றனர். எனினும் 2004 முதலான அனுபவத்தை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. தேர்தல் அச்சத்தால் சரிந்த சந்தை மீண்டது. வங்கியின் கடன் ஏடு கெட்டதால் அழிந்த பங்குகள் மீளவே இல்லை.

2024-ல் நடந்தது: மக்களவைத் தேர்தலின் வாக்குக் கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்குப் பெரும் வெற்றி கிடைக்கும் எனக் கூறியதை அடுத்து, 2024 ஜூன் 3-ம் தேதி மும்பை பங்குச் சந்தைக் குறியீட்டெண் சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. மறுநாள் வாக்குகள் எண்ணப்பட்டபோது பாரதிய ஜனதாவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்பது தெளிவானது. அக்கட்சி 240 இடங்களே பெற்றது. சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் சரிந்து 72,079-ல் நிலைகொண்டது. பொதுத் துறை வங்கிகளுக்கான குறியீட்டெண் ஒரே நாளில் சுமார் 15 சதவீதம் வீழ்ந்தது. முதல் நாள் வாங்கியவர்கள் திகைத்தனர். பலர் கிடைத்த விலைக்கு விற்றனர்.

ஆனால் கூட்டணிக் கட்சிகள் ஆதரவை உறுதி செய்ததும் நிலைமை மாறியது. ஜூன் 7-ம் தேதி சென்செக்ஸ் 76,693 புள்ளிகளை எட்டியது. மூன்றே வர்த்தக நாள்களில் இழப்பு முழுவதும் ஈடாயிற்று. அச்சத்தில் விற்றவர்களின் நஷ்டம் மட்டும் நஷ்டமாகவே நின்றது.

2004-ன் பாடம்: இதற்கு முன்னோடி 2004 மே மாதம். வாஜ்பாய் அரசு தோல்வியுற்று, இடதுசாரிகளின் ஆதரவுடன் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி அமையும் நிலை ஏற்பட்டது. பொதுத் துறை நிறுவனங்களின் பங்கு விலக்கலுக்கு எதிராக இடதுசாரித் தலைவர்கள் தெரிவித்த கருத்துகள் சந்தையைக் கலங்கடித்தன. மே 17-ம் தேதி சென்செக்ஸ் 564 புள்ளிகள், அதாவது 11 சதவீதத்துக்கு மேல் சரிந்து 4,505-ல் முடிந்தது. அன்று வர்த்தகம் இருமுறை நிறுத்தி வைக்கப்பட்டது. மன்மோகன் சிங் பிரதமராகவும் ப. சிதம்பரம் நிதியமைச்சராகவும் பொறுப்பேற்ற பிறகு பீதி தணிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குறியீட்டெண் 6,600-ஐக் கடந்தது.

2009-ல் நேர்மாறாக நிகழ்ந்தது. இடதுசாரிகளின் தயவு தேவைப்படாத வெற்றியை ஐக்கிய முற்போக்குக் கூட்டணி பெற்றதும், மே 18-ம் தேதி சென்செக்ஸ் 2,110 புள்ளிகள் உயர்ந்தது. உயர்வு வரம்பைத் தாண்டியதால் அன்றைய வர்த்தகமே மூடப்பட்டது. மூன்று தேர்தல்களிலும் சந்தை எடைபோட்டது வங்கிகளின் கணக்கை அல்ல, ஆட்சியின் நிறத்தையே.

அரசே உரிமையாளர்: பொதுத் துறை வங்கிப் பங்குகள் அரசியலுக்கு இவ்வளவு ஆட்படுவதற்குக் காரணம் உண்டு. தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில் மத்திய அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மற்றவர்கள் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் அவர்களது வாக்குரிமைக்கு உச்சவரம்பு உண்டு. 1 சதவீதமாக இருந்த அந்த வரம்பு 2012-ம் ஆண்டு சட்டத் திருத்தத்தில்தான் 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. தலைவர்களை நியமிப்பதும், மூலதனம் அளிப்பதும், இணைப்பை முடிவு செய்வதும் நிதியமைச்சகமே.

2019 ஆகஸ்டில் 10 பொதுத் துறை வங்கிகளை நான்காக இணைக்கும் முடிவு தில்லியில் அறிவிக்கப்பட்டது. அதன்படி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியுடன் அலாகாபாத் வங்கி இணைந்தபோது, அலாகாபாத் வங்கியின் 1,000 பங்குகளுக்கு இந்தியன் வங்கியின் 115 பங்குகளே வழங்கப்பட்டன. 2016-17 முதல் 2020-21 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் பொதுத் துறை வங்கிகளுக்கு அரசு அளித்த மூலதனம் சுமார் ரூ. 3.10 லட்சம் கோடி. அது வங்கிகளைக் காத்தது. அதே வேளையில் புதிய பங்குகள் பெருகியதால் பழைய பங்குதாரரின் விகிதம் சுருங்கியது. ஆக, அரசியலால் முதலீட்டாளருக்கு நேரும் உண்மையான பாதிப்பு வாக்கு எண்ணிக்கை நாளில் வருவதைவிட, இத்தகைய முடிவுகள் வழியே மெல்ல வருவதே அதிகம்.

தேசியமயத்திலும் இழப்பீடு: வங்கிப் பங்குதாரர் மீது அரசியல் நேரடியாகக் கை வைத்த பெரும் நிகழ்ச்சி 1969 ஜூலை 19-ம் தேதி நடந்தது. ரூ. 50 கோடிக்குக் குறையாத டெபாசிட் கொண்ட 14 தனியார் வங்கிகளை இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் மூலம் தேசியமயமாக்கியது. சென்னையின் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றுள் அடங்கும். சென்ட்ரல் வங்கியின் பங்குதாரரான ஆர்.சி. கூப்பர் வழக்குத் தொடுத்தார். இழப்பீட்டு முறை உள்ளிட்ட குறைகளைச் சுட்டிக் காட்டி, 1970 பிப்ரவரி 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. அதன் பின்னர் இயற்றப்பட்ட புதிய சட்டத்தில் ஒவ்வொரு வங்கிக்கும் இழப்பீட்டுத் தொகை வரையறுக்கப்பட்டது. அரசே வங்கிகளைக் கையகப்படுத்தியபோதும் பங்குதாரர்கள் வெறுங்கையுடன் அனுப்பப்படவில்லை.

வங்கி நொடித்தால் நிலைமை வேறு. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-வது பிரிவின்படி, ரிசர்வ் வங்கியின் பரிந்துரையை ஏற்று மத்திய அரசு ஒரு வங்கியின் செயல்பாட்டை முடக்கி, மற்றொரு வங்கியுடன் இணைக்கலாம். அத்திட்டத்தில் முதலில் காக்கப்படுபவர்கள் டெபாசிட்தாரர்கள். பங்குதாரர்கள் கடைசி வரிசையில் நிற்பவர்கள்.

தேர்தல் பீதி அடங்கிய அதே 2004 ஜூலையில், குளோபல் டிரஸ்ட் வங்கி இவ்வாறு முடக்கப்பட்டு ஓரியண்டல் பாங்க் ஆஃப் காமர்ஸுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர்கள் தப்பினர், பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மே மாதச் சரிவில் சந்தையைக் கண்டு அஞ்சியவர்களின் இழப்பு ஆண்டிறுதிக்குள் ஈடாகக் கூடியதாக இருந்தது. இந்த இழப்புக்கு ஈடே இல்லை.

கரூரின் இழப்பு: தமிழகம் இதை 2020-ல் நேரில் கண்டது. 1926-ல் கரூரில் வணிகர்களால் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17-ம் தேதி கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ரூ. 25 ஆயிரத்துக்கு மேல் பணம் எடுக்க முடியாத நிலை ஏற்பட்டது. நவம்பர் 25-ம் தேதி மத்திய அமைச்சரவை இணைப்புக்கு ஒப்புதல் அளித்தது. 27-ம் தேதி அவ்வங்கி டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைந்தது. பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. உள்ளூர் வங்கி என்ற நம்பிக்கையில் வாங்கி வைத்த பங்குகள் பத்து நாள்களில் வெற்றுக் காகிதமாயின. பங்குதாரர்கள் உயர் நீதிமன்றங்களை நாடினர்.

முன்னறிவிப்பு இல்லாமல் இது நேர்ந்துவிடவில்லை. 2019 செப்டம்பரிலேயே அவ்வங்கி ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2020 மார்ச் இறுதியில் அது கொடுத்த ஒவ்வொரு நூறு ரூபாய் கடனிலும் ரூ. 25-க்கு மேல் வாராக் கடன். 2020 செப்டம்பரில் நடந்த ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் உள்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே நிராகரித்தனர்.

எஸ் வங்கியிலும் அறிகுறி வெளிப்படையாகவே இருந்தது. 2016-17-ல் தனது வாராக் கடன் ரூ. 2,018 கோடி என அவ்வங்கி காட்டியது. ரிசர்வ் வங்கியின் ஆய்விலோ அது ரூ. 8,373 கோடி எனத் தெரியவந்தது. இவ்விவரம் 2017 அக்டோபரில் வெளியிடப்பட்டது. அதன் பிறகும் பங்கு விலை ஏறி, 2018 ஆகஸ்டில் ரூ. 400-ஐ ஒட்டி இருந்தது. 2020 மார்ச்சில் வங்கி முடக்கப்பட்டு, பாரத ஸ்டேட் வங்கி ஒரு பங்குக்கு ரூ. 10 வீதம் மூலதனம் அளித்தே அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்கள், தங்கள் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு விற்க இயலாமல் தடை விதிக்கப்பட்டது.

ஆட்சி மாறவில்லை, கணக்கு மாறியது: பொதுத் துறை வங்கிகள் 2017-18-ல் கூட்டாக ரூ. 85 ஆயிரம் கோடிக்கு மேல் நஷ்டம் கண்டன. 2024-25-ல் அவை ஈட்டிய நிகர லாபம் சுமார் ரூ. 1.78 லட்சம் கோடி. இந்த இரு ஆண்டுகளிலும் தில்லியில் ஆட்சி செய்தது ஒரே கூட்டணிதான். ரிசர்வ் வங்கி 2015-ல் தொடங்கிய சொத்துத் தர ஆய்வு மறைந்திருந்த வாராக் கடன்களை வெளிக்கொணர்ந்ததும், 2016-ல் திவால் சட்டம் வந்ததும், அரசு அளித்த மூலதனமுமே வேறுபாட்டுக்குக் காரணங்கள்.

எனவே அடுத்த தேர்தலிலும் சந்தை ஆடும்போது, சிறு முதலீட்டாளர் பார்க்க வேண்டியது வாக்கு எண்ணிக்கையை மட்டும் அல்ல. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளியாகும் நிதிநிலை முடிவுகளில் வாராக் கடன் விகிதம், அதற்கான ஒதுக்கீடு, மூலதன விகிதம் ஆகியவை இடம்பெறுகின்றன. ரிசர்வ் வங்கியின் ஆய்வுக்கும் வங்கியின் கணக்குக்கும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அதுவும் வெளியிடப்பட வேண்டும்.

ஓய்வூதியப் பணத்தைப் பங்கில் போடுபவர்கள் இன்னொன்றையும் மறக்கலாகாது. ஒரே வங்கியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் டெபாசிட்டும் பங்கும் ஒன்றல்ல. டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி முதல் ரூ. 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. பங்குக்கு அத்தகைய காப்பீடு எதுவும் இல்லை.