குறுகிய குடலுக்கு வாழைத்தண்டு ஆகாது

வயிற்றில் என்ன கோளாறு என்றாலும் "நார்ச்சத்து சேர்த்துக்கோ, வாழைத்தண்டு சாப்பிடு" என்று சொல்ல நம் ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது நல்ல யோசனைதான். குடல் சுவரைத் திரும்பத் திரும்பப் புண்ணாக்கும் கிரோன் நோயால் குடல் சுருங்கிப்போனவருக்கு அதே யோசனை ஆபத்து.

என் தங்கை மகனுக்கு அந்த நோய் இருக்கிறது. பிள்ளை இளைத்துவிட்டானே என்ற பாசத்தில் ஊரிலிருந்து வந்த பெரியம்மா வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, மோரில் போட்டுவைத்துப் பொரியல் செய்து கொடுத்தார். அன்றிரவே வயிறு கல்லாக உப்பி, விட்டுவிட்டு வலித்து, பச்சை பச்சையாக வாந்தி. ஸ்கேனில் சிறுகுடலின் கடைசிப் பகுதி குறுகி இருப்பது தெரிந்தது. விரலுக்குத் தப்பிய நார் அங்கே சிக்கியிருக்கலாம் என்றார் மருத்துவர். மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், வாய்க்குத் தண்ணீர்கூடக் கிடையாது. பெரியம்மா அழுதுகொண்டே இருந்தார். அவர் மேல் என்ன தப்பு? சுருக்கம் இருப்பது வீட்டில் யாருக்குமே தெரியாதே.

1932இல் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையின் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் இந்த நோயை விவரித்தபோதே, தழும்பேறிக் குடல் குறுகுவதையும் எழுதிவைத்தார்கள். குடல் சுவர் புண்ணாவதும் ஆறுவதுமாக இருக்கும்போது, புண்ணை ஆற்ற வரும் செல்கள் கொலாஜனை அளவுக்கு மீறிக் குவிக்கின்றன. தீக்காயம் ஆறிய தோல்போலச் சுவர் தடித்து இறுகிவிடுகிறது. இறுகிய தழும்பைக் கரைக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. கரைக்கும் உணவும் இல்லை. பலூன் வைத்து விரிக்கலாம், அறுவை சிகிச்சை செய்யலாம்.

அப்படியானால் சாப்பாட்டுக்கு இதில் பங்கே இல்லையா? நிறையவே இருக்கிறது, தழும்பு விழுவதற்கு முன்னால். கிரோன் வந்த குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் வழக்கமான சாப்பாட்டை நிறுத்திவிட்டு, முழுச் சத்தும் அடங்கிய திரவ உணவை மட்டும் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டுக்கு ஈடாக அது நோயை அடக்குகிறது. குடலின் உள்சுவர் புண் ஆறுவதில் ஸ்டீராய்டைவிட மேல். பெரும்பாலான சுருக்கங்களில் தழும்போடு வீக்கமும் கலந்திருக்கும். இந்தத் திரவ உணவால் வீக்கம் வடிந்து, பாதை ஓரளவு விரிவதும் உண்டு. இட்லி தோசை இல்லாமல் 8 வாரம் ஒரு குழந்தையை வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை அந்தத் தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பாதித் திரவ உணவோடு தேர்ந்தெடுத்த வீட்டு உணவையும் சேர்த்துக் கொடுத்தபோது குழந்தைகள் அதை எளிதாக ஏற்றுக்கொண்டார்கள்; பலனும் கிடைத்தது.

பாக்கெட் உணவுகளைக் குறைப்பது நல்லது என்பது என் கட்சி. அவற்றில் சேர்க்கும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாலிசார்பேட் 80 போன்ற பொருள்கள் எலிகளின் குடலைக் காக்கும் சளிப்படலத்தைக் கெடுப்பதாக 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. சிகரெட்டைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம், அது கிரோனை மோசமாக்கும்.

சுருக்கம் உள்ளவர்கள் காயைக் குழைய வேகவைத்து மசித்துச் சாப்பிடலாம். முருங்கைக்காயில் சதையை மட்டும் வழித்துக்கொண்டு சக்கையை ஒதுக்குங்கள். சோளம், வேர்க்கடலை, காளான், தேங்காய்ச் சில், ஆரஞ்சுச் சுளையின் தோல் இவையெல்லாம் அடைக்கக்கூடியவை. சுருக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுக் கீரையைக் கைவிட வேண்டாம்.

உணவாலேயே குணமாகும், ஊசி மாத்திரையை நிறுத்திவிடு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மருந்தை விட்ட மாதங்களில் அழற்சி சத்தமில்லாமல் தழும்பை வளர்க்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "எனக்குக் குடலில் சுருக்கம் இருக்கிறதா, எங்கே, எவ்வளவு நீளம்?" என்று கேட்டு, சமைப்பவரிடமும் சொல்லிவையுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.